கருவிகளுக்கும் பெரட்டு வேண்டும்

தஞ்சோங் காராங் வட்டாரத்தில் ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் செம்பனை. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. அத்தகைய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். கிராணியார் பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார் என்பது ஏட்டில் ஏறும். அதன் பின்னரே வேலை.

இன்று ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் ஏடு கணினியில் இருக்கிறது. உறுப்பினரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, வாரிசுதாரர் பெயர் ஆகிய யாவும் அதிலுண்டு. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளரின் சிறு சேமிப்பே அதற்கு மூலதனமாயிற்று. அத்தகைய சேமிப்பின் கணக்கை வைத்திருப்போர், தம்மிடம் எத்தனை கருவிகள் உள்ளன என்று கேட்டால் உடனே விடை கூற முடிகிறதா? அலுவலகத்துக் கணினிகள் ஐந்து என்பார்கள். பொருளாளரின் மடிக்கணினியும், செயலாளரின் சொந்தக் கைத்தொலைபேசியும் அக்கணக்கில் வாரா.

இந்தப் பெரட்டை எடுப்பதே கருவி ஆளுகை மென்பொருளின் முதல் வேலை. ஒவ்வொரு கருவியும் ஒரு நடுவிடத்திற்குத் தன் நிலையைத் தெரிவிக்கும். திருத்தங்கள் ஏறினவா, கடவுச்சொல் உள்ளதா என்பது அங்கே தெரியும். தொலைந்த கருவியை அங்கிருந்தே பூட்டலாம். நச்சுநிரலைக் கண்டு தடுக்கும் பாதுகாப்பு மென்பொருள் வேறு. இரண்டையும் ஒன்றென்று மயங்கி, பின்னதை மட்டும் வாங்கி அமைதியடைவோர் பலர். ‘வானாகிரை’ என்னும் நச்சுநிரல் 2017 மே 12இல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அசட்டையை வேறென்ன சொல்வது!

ஆனால் விலையுயர்ந்ததை வாங்கிவிட்டால் போதும் என்பதும் பிழை. எல்லாக் கருவிகளையும் ஆளும் மென்பொருள் எல்லாப் பூட்டுகளுக்குமான ஒரே சாவியன்றோ? 2021 சூலை 2இல் கசேயா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஆளுகை மென்பொருளைக் கயவர் கைப்பற்றி, அதன் வழியாகவே ஏறத்தாழ 1,500 நிறுவனங்கள் வரை தாக்கினர், பெரும்பாலானவை சிறியவை. கல்லாப்பெட்டிகள் இயங்காமையால் சுவீடனில் ‘கூப்’ என்னும் கூட்டுறவு அங்காடி சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. அச்சங்கம் கசேயாவிடம் எதையும் நேரே வாங்கியதில்லை. அதற்குப் பணி செய்த நிறுவனம் அம்மென்பொருளைப் பயன்படுத்தியது, அவ்வளவே. காவற்பொருளும் தவறும்: 2024 சூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான திருத்தம் ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

ஆகவே விற்பனையாளரிடம் வசதிகளை அடுக்கச் சொல்லிக் கேட்பதினும், நடுச்சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பதே மேல். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு உண்டா? செயலாளர் மாறினால் சாவி சங்கத்திடமே தங்குமா? வெளியார் ஒருவரே அனைத்தையும் வைத்திருப்பாராயின் பொருளைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. கணினிகளிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பை, ‘புரோ’ பதிப்பைப்போல் நடுவிடத்திலிருந்து முழுமையாக ஆள இயலாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அக்கணினிகளைத் தனியே குறித்துக் கொள்ள வேண்டும்.

சொந்தக் கைத்தொலைபேசியில்தான் மனத்தாங்கல் எழும். “என் பேத்தியின் படத்தையும் சங்கம் பார்க்குமோ?” என்று ஓர் உறுப்பினர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. ஆண்டிராய்டில் வேலைக்கென்று தனிப்பகுதி அமைக்கும் முறை உண்டு. சங்கம் அப்பகுதியை மட்டும் ஆளும், அதை மட்டுமே அழிக்கும். அம்முறைக்கு இடமளிக்காத மென்பொருளை நான் பரிந்துரையேன்.

சட்டமும் இப்போது காத்திராது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. அதன்படி 2025 சூன் 1 முதல், பெருந்தீங்கு விளைக்கத்தக்க தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவித்தல் வேண்டும். எந்தக் கருவியில் எது இருந்தது என்றே அறியாதவர் மூன்று நாளில் எதைத் தெரிவிப்பார்?

ஆண்டுக் கட்டணம் செலுத்துமுன் சில நாள் சோதனைக்குக் கேளுங்கள். பின்னர் ஒரு கைத்தொலைபேசியை ஒளித்துவைத்துவிட்டு, அதைப் பூட்டுமாறு பொருளாளரிடம் கூறுங்கள். விற்பனையாளரை அழைக்காமல் அவரால் பூட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடலாம்.