குறட்டையும் பல் வைத்தியமும்

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை உறக்கத்திற் கழிக்கின்றான். எனினும் உண்ணும் உணவைப் பற்றியும் அருந்தும் நீரைப் பற்றியும் அவன் செலுத்தும் கவனத்திற் பத்திலொரு பங்கைத்தானும் உறங்கும் முறையைப் பற்றிச் செலுத்துகின்றானில்லை. வீட்டிலே ஒருவர் உரத்த குறட்டையோடு உறங்குவாராயின், "நல்ல நித்திரை" என்று மகிழ்கின்றோம், அன்றேல் நகைக்கின்றோம். இவ்விரண்டும் பொருந்தா. குறட்டை நல்ல நித்திரையின் அடையாளமன்று. மூச்சு வழியில் இடர்ப்பாடு உண்டென்பதை அறிவிக்கும் ஒலியே அஃதாகும். அவ்விடர்ப்பாட்டைக் கண்டறிவதிலும் களைவதிலும் பல் வைத்தியருக்கும் பங்குண்டு என்பது பலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். பல்லுக்கும் நித்திரைக்கும் யாது தொடர்பு என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் கும்பகருணன். அவனைத் துயிலெழுப்பச் சென்ற அரக்கர், அவன் விட்ட மூச்சின் வேகத்தால் முன்செல்ல மாட்டாது தள்ளுண்டனர் என்று இராமாயணம் கூறும். அவன் வரங் கேட்ட வேளையிற் கலைமகள் அவன் நாவிற் புகுந்தமையாலேயே நெடுந்துயில் வாய்த்தது என்பது புராண வரலாறு. புராணங் கூறும் நா வேறு. உடற்கூற்று நூல் கூறும் நா வேறு. எனினும், நித்திரைக் கேட்டுக்கு நாவும் ஒரு காரணம் என்ற அளவில் இரண்டும் ஒத்திருத்தல் சுவைக்கத்தக்கது.

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்த தசைகள் இறுகி நின்று மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தொண்டைக்குக் கீழேயுள்ள வாதனாளியைக் கசியிழைய வளையங்கள் தாங்குகின்றன. தொண்டைக்கோ அத்தகைய தாங்கல் இல்லை. அதன் சுவர் பெரும்பாலும் தசையும் சவ்வுமே. உறக்கத்தில் தசைகள் தளர, நாவின் அடிப்பகுதி பின்னே சரிகின்றது, மெல்லண்ணமும் உண்ணாக்கும் தொய்கின்றன, வழி ஒடுங்குகின்றது. ஒடுங்கிய வழியால் விரைந்து செல்லுங் காற்று, தளர்ந்த பகுதிகளை அதிரச் செய்கின்றது. கொடியிலிட்ட துணி காற்றிற் படபடப்பது போன்ற அவ்வதிர்வே குறட்டை. மல்லாந்து படுக்கும்போது அது மிகுவதும், ஒருக்களித்துப் படுத்தாற் பலர்க்குத் தணிவதும் இக்காரணம் பற்றியே. மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தசைகளை மேலுந் தளர்த்துதலால் அதனைப் பெருக்கும்.

குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். ஆனால், அவருட் சிலர்க்கு வழி ஒடுங்குவதோடு நில்லாது அடைபட்டும் விடுகின்றது. நெஞ்சு மூச்சுக்கு முயன்றுகொண்டிருப்பினும் காற்று உட்செல்வதில்லை. குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை இதனை உணர்ந்து உறங்குபவரை ஒரு கணம் அரைவிழிப்புக்குக் கொணர, திணறலோடு மூச்சு மீள்கின்றது. பின்னர் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இதுவே உறக்க மூச்சுத்தடை நோய். குறைந்தது 10 விநாடியாவது மூச்சு நிற்றலையும் மிகக் குறைதலையும் வைத்தியர் கணக்கிடுவர். ஒரு மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை நிகழின் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேற்படிற் கடுமையானது. மணிக்கு 30 முறை என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுத் தடைப்படுதலாகும். இங்ஙனம் இரவெல்லாம் போராடியவருக்குக் காலையில் அதனைப் பற்றிய நினைவு யாதும் இராது. அருகில் உறங்குபவரே அதற்குச் சாட்சி.

காலைத் தலையிடி, வாய் வறட்சி, பகலில் அடக்கவொண்ணாத் தூக்கம், மறதி, எளிதிற் சினங்கொள்ளல் என்பன இந்நோயின் குறிகள். உயர் குருதியமுக்கம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றோடும் இது தொடர்புடையது. உடற்பருமன் இதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆயினும், மெலிந்தோர்க்கு இது வாராது எனக் கருதலாகாது. தாடை சிறுத்தும் பின்வாங்கியும் இருப்பின், மெலிந்த உடலினர்க்கும் நாவுக்கு இடம் போதாது வழி அடைபடும். ஆசிய மக்களிடையே இவ்வமைப்புக் குறிப்பிடத்தக்க காரணமென ஆய்வாளர் கூறுவர். தாடை என்றதும் பல் வைத்தியரின் எல்லைக்குள் நாம் வந்துவிட்டோம்.

நாவின் பெருந்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், நாடிக்குப் பின்னே பற்றியிருக்கின்றது. ஆதலின் கீழ்த்தாடை முன்னே வரின் நாவும் உடன் வரும். முதலுதவி பயின்ற மாணவர் இதனை முன்னரே அறிவர். நினைவிழந்து கிடப்பவரின் நாடியை உயர்த்துக, அல்லது தாடையை முன்தள்ளுக என்று அவர்க்குக் கற்பிப்பது, பின்சரிந்த நாவைத் தொண்டையினின்று விலக்குதற்கேயாம். ஒரு கணம் கையாற் செய்யும் அச்செயலை இரவு முழுவதும் செய்துகொண்டிருக்க ஒரு கருவி உளதாயின் எவ்வளவு நன்று!

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகள் நா பின்சரிவதால் மூச்சுத் திணறுவதைக் கண்ட பிரான்சிய வாய்நோய் வைத்தியர் பியேர் ரொபின், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தாடையை முன்கொணரும் கருவியொன்றைப் பயன்படுத்தினார். ஆனால், வளர்ந்தோரின் உறக்க மூச்சுத்தடையை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலஞ் சென்றது. ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய பிக்விக் கதையில், நின்ற நிலையிலும் உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். அவனைப் போன்ற நோயாளரை 1956ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் அக்கதையின் பெயராலேயே குறித்தனர். 1965ஆம் ஆண்டில் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர், உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்றலைப் பதிவு செய்து காட்டினர். 1981ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் கொலின் சலிவன் என்பாரும் அவர் குழுவினரும், முகமூடி வழியாக அமுக்கக் காற்றை இடையறாது செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டனர். தாடைக் கருவிகளும் 1980களிலேயே வளர்ந்தோர்க்குப் பயன்படலாயின.

அக்கருவியின் அமைப்பு எளிதே. பல் வைத்தியர் மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் அச்செடுத்து, அவ்வச்சுக்கு ஏற்ப இரு தகடுகளைச் செய்விக்கின்றார். இரண்டையும் அணிந்து வாயை மூடும்போது கீழ்த்தாடை இயல்பான நிலையினின்று சில மில்லிமீற்றர் முன்னே நிற்கும். நன்கமைந்த கருவியில், முன்தள்ளும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முழு அளவையும் முதலிரவிலேயே தாடை பொறாது. உறங்கும்போது அணிந்து காலையிற் கழற்றிக் கழுவி வைத்தல் வேண்டும்.

காற்றமுக்கப் பொறியோடு ஒப்பிடின், மூச்சுத் தடைகளைக் குறைக்கும் ஆற்றல் பொறிக்கே மிகுதி. கடுமையான நோய்க்கு அதுவே முதல் மருந்து. ஆனால், முகமூடியைப் பொறுக்க மாட்டாது பாதி இரவிற் கழற்றி வைப்போர் பலர். அணியாத பொறி எத்துணை ஆற்றலுடையதாயினும் பயன் யாது? 2013ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இரண்டையும் ஒரே நோயாளரிடத்து மாதம் ஒன்றாகப் பயன்படுத்தி ஒப்பிட்டனர். பொறி தடைகளை மிகுதியாகக் குறைத்ததெனினும், தாடைக் கருவியை நோயாளர் கூடிய நேரம் அணிந்தமையாற் குருதியமுக்கம், பகற்றூக்கம் முதலியவற்றில் இரண்டின் பயனும் பெரிதும் ஒத்திருக்கக் கண்டனர். பொறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதும் நம்மனோர் எண்ணத்தக்கது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இந்நாட்டில் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திலேம். தாடைக் கருவிக்கோ மின்சாரம் வேண்டியதில்லை. சட்டைப் பையிலிட்டுப் பயணமுஞ் செல்லலாம்.

நிற்க, இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வெந்நீரிலிட்டு மென்மையாக்கிக் கடித்துப் பொருத்தும் மலிவான கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி அணிந்தவரின் குறட்டை அடங்கிவிட்டால் வீட்டார் மகிழ்வர். ஆனால், ஒலி அடங்கினும் நோய் அடங்காதிருத்தல் கூடும். மூச்சு நிற்பது தொடர, அதனை அறிவித்த ஒலி மாத்திரம் மறைந்துவிடின், காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கள்வன் போயினான் என்று எண்ணிய கதையாய் முடியும். ஆதலின் முறை இதுவேயாம்: பல் வைத்தியர் ஐயுறுவார், வைத்தியர் உறக்கப் பரிசோதனையால் நோயைத் துணிவார், அவர் பணிப்பின் பல் வைத்தியர் கருவி செய்வார், பின்னர், அது பயன் தருகின்றதா என மீண்டும் பரிசோதிக்கப்படும். 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க வைத்தியரும் பல் வைத்தியரும் ஒருங்கு வகுத்த நெறியும் இதுவே. பொறியைப் பொறுக்க இயலாதோர்க்கும் வேறு முறையை விரும்புவோர்க்கும், அவரவர் வாய்க்கென அளவெடுத்துச் செய்த கருவியையே அந்நெறி விதந்துரைக்கின்றது.

பல் வைத்தியர் முதலில் ஐயுறுவார் என்றது எதனால்? வேறெவரினும் மிகுதியாக வாயினுள்ளே பார்ப்பவர் அவரேயன்றோ? பற்றடம் பதிந்த நாவின் ஓரம், குறுகி உயர்ந்த அண்ணம், பின்வாங்கிய கீழ்த்தாடை, இரவிற் பல்லைக் கடித்தலால் தேய்ந்த பற்கள், தடித்த உண்ணாக்கு ஆகியன அவர் கண்ணுக்குத் தப்பா. வாயைத் திறந்து நாவை நீட்டும்போது தொண்டை எவ்வளவு தெரிகின்றது என்பதைப் படிப்படியாக வகுத்துக் காணும் முறையொன்றும் உண்டு. அதனை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய மயக்கமருந்து வைத்தியரான மல்லம்பட்டி என்பவர்; இன்று உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பல்வலிக்காக வந்தவரிடம், "இரவிற் குறட்டை உண்டா? பகலிற் தூக்கம் வருகின்றதா?" என்று இரு வினாக்கள் வினவுதற்கு ஒரு நிமிடம் போதும்.

இக்கருவிக்குக் குறைகளும் உள. தொடக்கத்தில் உமிழ்நீர் பெருகும்; தாடை மூட்டு நோகும்; ஆண்டுக்கணக்கில் அணிந்தாற் பற்கள் சிறிது இடம் பெயர்ந்து கடியமைப்பு மாறலாம். ஆதலின் காலந்தோறும் பல் வைத்தியரைக் காணுதல் வேண்டும். யாவற்றினும் முக்கியமாக, கருவி பற்றிக்கொள்ளப் பற்கள் வேண்டும். முரசு நோயால் ஆட்டங்கண்ட பற்களும், வரிசையாகப் பிடுங்கப்பட்ட வாயும் அதனைத் தாங்கா. வலித்த பல்லையெல்லாம் பிடுங்கிவிடுதலே மருந்து என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் அகலவில்லை. இளமையிற் காத்த பல், முதுமையில் உணவுக்கு மாத்திரமன்றி மூச்சுக்கும் உதவும் என்பதை நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.

இனி, ஆசிரியராகிய எமக்கு நெருங்கிய ஒன்றைக் கூறுவாம். வகுப்பிலே தூங்கி விழும் பிள்ளை சோம்பேறி என்றும், ஓரிடத்தில் இருக்கமாட்டாது துள்ளும் பிள்ளை குழப்படிகாரன் என்றும் பெயர் பெறுதல் வழக்கம். குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடை இவ்விரு வடிவிலும் தோன்றும். இரவிற் குறட்டை, எந்நேரமும் வாயால் மூச்சுவிடல், படுக்கையை நனைத்தல் ஆகியவையும் உடன் காணப்படின், பிரம்பை எடுக்குமுன் வைத்தியரை நினைத்தல் நன்று. டொன்சில் எனப்படும் தொண்டைச்சதையும் மூக்கின் பின்னுள்ள சதையும் பருத்திருத்தலே பெரும்பாலும் காரணம். அவற்றை அகற்றுதல் பலர்க்குக் குணந்தரும். அண்ணம் மிகக் குறுகிய சிலர்க்கு, பற்சீரமைப்பு வைத்தியர் வளரும் பருவத்திலேயே அதனை விரிக்கும் கருவி பொருத்துவர். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும் நாளில் ஆசிரியர் இக்குறிகளைச் சொல்லி வைத்தல் எளிதன்றோ?

பளையிலே கண்டி வீதியோரம் வாழும் நாம், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே இரவெல்லாம் ஓடும் பஸ் வண்டிகளையும் லொறிகளையும் நாள்தோறுங் காண்கின்றோம். உறக்க மூச்சுத்தடை உடைய சாரதிகள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ இரு மடங்கு அல்லது அதற்கு மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சக்கரத்தைப் பிடித்தவர் ஒரு கணம் கண்ணயரின், அவரை நம்பி உறங்கும் ஐம்பது பேரின் உயிருக்கு யார் பொறுப்பு? தந்தையோ தமையனோ சாரதியாயிருந்து, இரவிற் குறட்டையும் பகலிற் தூக்கமும் உடையராயின், அதனைக் கண்டு சொல்ல வல்லவர் வீட்டார் ஒருவரே. மாணவர்காள்! இன்றிரவு உங்கள் வீட்டிலே குறட்டை ஒலி கேட்குமாயின் நகையாது சிறிது செவி கொடுங்கள். ஒலி திடீரென நின்று, சற்று நேரத்தின் பின் திணறலோடு மீளுமாயின், அடுத்த நாளே வைத்தியசாலைக்குச் செல்லுமாறு அவரை வேண்டுங்கள். வைத்தியர் நோயைத் துணிவார். வழி திறக்கப் பல் வைத்தியரும் துணை நிற்பார்.