கதவில்லாத கழிப்பிடம்

ஏழை நாடுகளின் கிராமங்களில் கட்டிக்கொடுக்கப்பட்ட குழிக் கழிப்பிடங்களை ஜனங்கள் சில மாதங்களிலேயே கைவிட்டு மறுபடியும் வெட்டவெளியை நாடுவதைக் கண்டு, அவர்களுக்குச் சுகாதார உணர்ச்சி போதாது என்று குறை சொல்வோர் உண்டு. மூச்சு முட்டும் துர்நாற்றமும் முகத்தில் வந்து மொய்க்கும் ஈக்கூட்டமும் நிறைந்த ஓர் அறையைக் காட்டிலும் புதர் மறைவே மேல் என்று ஒருவர் முடிவு செய்வதில் நான் அறியாமை எதையும் காணவில்லை. அந்த முடிவிலுள்ள நியாயத்தை மதித்து, குற்றத்தைக் கழிப்பிடத்தின் அமைப்பிலேயே தேடிய ஒரு முயற்சி, 1970-களில் இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் நடந்தது.

அங்குள்ள பிளேர் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய பீட்டர் மார்கன் என்ற விஞ்ஞானி, குழியிலிருந்து கூரைக்கு மேலே எழும்படி அகலமான ஒரு குழாயை நிறுத்தி, அதன் உச்சியை மெல்லிய வலையால் மூடினார். அறையையோ அரையிருட்டாக வைத்தார். குழாயின் வாய்க்கு மேலே காற்று வீசிச் செல்லும்போது குழிக்குள் இருக்கும் நாற்றக்காற்று மேல்நோக்கி இழுக்கப்பட, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று அறையின் வழியாகக் குழிக்குள் இறங்குவதால், உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்குத் துர்நாற்றம் எட்டுவதில்லை. வாசனையைத் தேடிவரும் ஈக்கள் குழாயின் உச்சிக்கே போய் வலையில் தடைப்படுகின்றன. குழிக்குள்ளேயே பிறந்த ஈக்களோ, வெளிச்சத்தை நோக்கிப் பறப்பது அவற்றின் சுபாவமாகையால், இருண்ட அறைக்குள் வராமல் ஒளி தெரியும் குழாயில் ஏறி, வலையைத் தாண்ட வழியின்றி மடிகின்றன. வெளிச்சமே சுத்தம் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே காவல் காப்பது இருட்டுதான். கதவு வைத்தால் யாராவது அதைத் திறந்தபடியே விட்டுப்போவார்கள் என்பதால், நத்தை ஓட்டைப்போலச் சுவரைச் சுருட்டி வளைத்துக் கட்டி, கதவின் தேவையையே அகற்றிவிட்டார்கள். மறைவும் கிடைத்தது, இருட்டும் நிலைத்தது, கதவுச் செலவும் மிஞ்சியது.

இந்த யுக்தி பலிக்கிறதா என்று பரிசோதிக்க, குழாய் உள்ளதும் இல்லாததுமான கழிப்பிடங்களை ஒப்பிட்டு 78 நாட்கள் ஈக்களைப் பிடித்து எண்ணினார்கள். குழாய் இல்லாததில் அகப்பட்டவை 13,953. குழாய் உள்ளதில் 146. வயிற்றுப்போக்குக் கிருமிகளை மலத்திலிருந்து சோற்றுக்குச் சுமந்துவருவதில் ஈக்குள்ள பங்கை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அர்த்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. கொசுக்களிடம் மட்டும் இது அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் குழி தோண்டுவதும் கிணறுகளுக்கு ஆபத்து.

1980-இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, சிமெண்ட் வெளியிலிருந்து உதவியாக வர, குழி வெட்டுவதும் செங்கல் சேர்ப்பதும் குடும்பத்தின் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், லட்சக்கணக்கான வீடுகளில் இக்கழிப்பிடங்கள் எழுந்தன. பிற்காலத்தில் பொருளாதாரம் நிலைகுலைந்து உதவி சுருங்கியதும் வேகம் தளர்ந்தது. ஆகவே, முதலில் உறுதியான குழியையும் மேல்மூடியையும் மட்டும் அமைத்துக்கொண்டு, கைக்குப் பணம் வரவர மேற்சுவரையும் குழாயையும் சேர்க்கும் படிப்படியான முறை வகுக்கப்பட்டது. ஏழையின் வருமானம் வரும் விதத்துக்கு ஏற்பக் கட்டடம் வளர்வதால், இதை நான் மூல அமைப்புக்குச் சற்றும் குறையாத அபிவிருத்தியாகவே கருதுகிறேன். மார்கனுக்கு 2013-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு அளிக்கப்பட்டது.

இத்தனையும் நிற்பது குழாயின் உச்சியிலுள்ள ஒரு சாண் வலையில்தான். நாற்றக்காற்றும் வெயிலும் பட்டு அது இற்றுக் கிழிந்த அன்றே ஈக்களுக்கு வழி திறந்துவிடுகிறது. ஊரில் எத்தனை கழிப்பிடங்கள் உள்ளன என்று கணக்கெடுக்கப் போகும் அதிகாரிகள், எண்ணிக்கையை எழுதுமுன் ஓர் ஏணியைச் சாத்தி ஏறி, அந்த வலையைப் பார்த்துவர வேண்டும்.