வெள்ளிப் பெட்டியில் ஒரு ஜாரு

போர்ட் கிள்ளானில் ஒரு கோயில் திருவிழா மேடை. மாலை ஐந்து மணிக்குச் சுருதி சுத்தமாக இருந்த பழைய அனலாக் சிந்தசைசர், ஏழு மணிக்கு விளக்குச் சூட்டில் புல்லாங்குழலோடு முட்டியது. வாசித்த அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டு, திருகை மயிரிழை நகர்த்தினார்.

அந்தப் பெட்டிக்குள் சுரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். 1 வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே. இந்தக் கணக்கைப் போடுவது டிரான்சிஸ்டர். அதற்குச் சூடு ஆகாது. ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால், 1 டிகிரி ஏறினாலே அளவு சுமார் 0.33 சதவீதம் பிசகும். மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால், அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு. பழகிய காதுக்கு அது போதும்.

ருசியும் அந்தப் பிசகில்தான். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர்கள் மூன்று. ஒன்று நொடிக்கு 440 முறையும் இன்னொன்று 440.5 முறையும் அதிர்ந்தால், இரண்டு நொடிக்கொருமுறை ஒலி பொங்கித் தணியும். இரண்டு நாகஸ்வரங்கள் சேர்ந்து ஊதும்போது நெஞ்சில் இறங்குகிறதே, அந்தக் கனம்.

நமக்குப் பக்கத்தூரும் இந்தக் கதையில் வருகிறது. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் வாங்கிய ரோலண்ட் டிபி-303 என்ற வெள்ளிப் பெட்டியை வைத்து, 1982-இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ பதிவு செய்தார். அந்தப் பெட்டி சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும். ராகத்துக்கு வேண்டிய ஜாரு! இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அதே பெட்டியை வைத்துச் சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்று உலகையே ஆடவைத்தார்கள்.

2016-இல் ரோலண்ட் அந்தப் பெட்டியை மறுபடி டிபி-03 என்று வெளியிட்டது. உள்ளே பழைய மின்சுற்று இல்லை. அது எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு சில்லு ஓயாமல் கணக்குப் போடுகிறது. பாட்டோடு கலந்து கேட்டால் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஃபில்டர் திருகை முழுக்கத் திருப்பி அலறவிட்டால், ஒருவேளை.

1978-இன் புராஃபெட்-5 சிந்தசைசர், 2020-இல் அனலாக்காகவே திரும்பி வந்தது. சுருதி நிலையாக நிற்கிறது. ஆனால் ‘விண்டேஜ்’ என்று ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். திருப்பத் திருப்பக் குரல்கள் பழையபடி ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மேடை அண்ணனிடம் சொன்னேன்.

“ஐயோ, அதுக்கும் காசு எடுக்கிறானா?”