கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள்

ஆடித் தபசுத் திருவிழா நெருங்கும் மாதங்களில் சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டர்களில் இன்னொரு பேச்சும் சூடாக இருக்கும். "ஒனக்கு என்ன நம்பர்ல விழுந்திருக்கு?" பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் பத்து இலக்க ரேண்டம் (சமவாய்ப்பு) எண்ணைத்தான் கேட்கிறார்கள். இருவருக்குக் கட்-ஆஃப் ஒன்றாகி, பாட மதிப்பெண்களும் பிறந்த தேதியும்கூட ஒன்றாகிவிட்டால், யார் முன்னே என்பதை அந்த எண்தான் தீர்க்கும். பெரிய எண் உள்ளவருக்கு முன்னுரிமை.

கணினிக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. சாதாரண நிரல் செய்வதெல்லாம் கணக்குதான். சின்ன மாதிரி ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று போய் மறுபடி 7-க்கே வரும். குலுக்கியதுபோலத் தெரிகிறது. ஆனால் முதல் எண் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தெரிந்தது மாதிரிதான். அதனால்தான் இதற்குப் போலிச் சமவாய்ப்பு எண் என்று பெயர்.

இப்படி வரும் எண்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகின்றனவா? இதற்கு 1900-இல் கார்ல் பியர்சன் தந்த கை-ஸ்கொயர் சோதனை இன்றும் உதவுகிறது. நூறு எண்களின் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் பத்துத் தடவை வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வந்ததற்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, பத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். 8, 12, 9, 11, 14, 7, 10, 13, 6, 10 என்று வந்திருந்தால் விடை 6. நேர்மையான குலுக்கலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை விடை 16.92-க்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் சந்தேகப்படலாம்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. விடை மிகச் சிறியதாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். நேர்மையான குலுக்கலில் 3.33-க்குக் கீழே வருவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். நம் பதினாறு எண் மாதிரியைப் பாருங்கள்: ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரே தடவை வந்திருக்கிறது, கை-ஸ்கொயர் பூஜ்யம். வரிசையை இன்னொரு முறை படியுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று கடைசிவரை மாறி மாறியே வருகிறது! இதில் வரும் எண்ணை வைத்துப் பூவா தலையா போட்டால், ஒரு தடவை பார்த்தவனே அடுத்ததைச் சொல்லிவிடுவான்.

அதனால் எண்ணிக்கையோடு வரிசையையும் சோதிக்க வேண்டும். 1938-இலேயே மாரிஸ் கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் அடுத்தடுத்த இலக்க ஜோடிகளையும், ஒரு பூஜ்யத்துக்கும் அடுத்த பூஜ்யத்துக்கும் உள்ள இடைவெளியையும் சோதிக்கும் வழிகளைத் தந்தார்கள். அதற்குப் பிறகும் தவறு நடந்தது. 1960-களில் ஐ.பி.எம். கணினிகளில் ரான்டு என்ற நிரல் பரவலாக ஓடியது. நம் மாதிரியைப் போலவே, எண்ணை 65539-ஆல் பெருக்கி மீதியை எடுக்கும் முறை அது. தனித்தனியாகப் பார்த்தால் எண்கள் சமமாகத்தான் பரவின. மூன்று மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்துக்குள் புள்ளி வைத்தால், அத்தனையும் வெறும் 15 தளங்களில் அடுக்கிக்கொண்டன. இவ்வகை எண்களெல்லாம் இப்படித்தான் தளங்களில் விழும் என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968-இல் நிறுவினார். அதற்குள் எத்தனையோ ஆய்வுகள் அந்த நிரலை நம்பி முடிந்திருந்தன.

ஒரு பிள்ளைக்குக் கல்லூரி இடத்தைத் தீர்க்கும் எண்ணை எந்த முறையில் உருவாக்கினார்கள், எந்தச் சோதனைகளில் அது தேறியது என்பதை விண்ணப்பித்தவர் எவரும் படித்துச் சரிபார்க்கும்படி வைப்பதே நியாயம். இந்த வருடம் ரேண்டம் எண் வந்ததும், பிளஸ் டூ நண்பர்கள் நூறு பேர் சேர்ந்து கடைசி இலக்கத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்கு வாத்தியாரை அருகில் வைத்துக்கொண்டு கை-ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். வரும் விடையை எனக்கும் எழுதுங்கள்.