பழைய ஜீப்புக்கு எந்த எஞ்சின்?

திருநெல்வேலி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஊர் உவரி. அங்குள்ள சுயம்புலிங்க சுவாமி கோயிலில், கடற்கரை மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து குவிப்பது ஒரு நேர்த்திக்கடன். அந்த மணலில் சுமையோடு நடந்தவர்களுக்குத் தரையில் நடப்பதற்கும் மணலில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முழங்காலே சொல்லிவிடும்.

என் மாணவர் ஒருவருடைய மாமா இந்தக் கரையில் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். வலையையும் ஐஸ் பெட்டிகளையும் மீனையும் கரையிலிருந்து சாலை வரை கொண்டு சேர்ப்பது அதன் வேலை. ஒரு மாலை நான் போயிருந்தபோது, பின்சக்கரங்கள் பாதி புதைந்து வண்டி நின்றுகொண்டிருந்தது.

"எஞ்சினுக்கு இழுவை பத்தல்ல சார். டிராக்டர் எஞ்சின் ஒண்ணு பேசி வச்சிருக்கேன். அதைத் தூக்கி இதுல வச்சிட்டா மலையையே இழுத்துரும்" என்றார். மறுநாள் முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. சிறிய தொகையல்ல.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, ஒரு கணக்குப் போட்டுப் பாத்துருவோம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் 'இழுவை' என்று சொல்வதைப் பௌதிகத்தில் முறுக்கு விசை என்கிறோம். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் அச்சில் உண்டாகும் முறுக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த சி.ஜே. 3பி ஜீப்பில் இருந்தது 'ஹரிக்கேன்' என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நிமிடத்திற்கு 2000 சுற்றில் அதன் முறுக்கு விசை சுமார் 15.8 கிலோகிராம்-மீட்டர்.

இந்த முறுக்கு நேரே சக்கரத்திற்குப் போவதில்லை. வழியில் பற்சக்கரங்கள் அதைப் பெருக்குகின்றன. அந்த ஜீப்பின் முதல் கியர் 2.8 மடங்கு, நான்கு சக்கர ஓட்டத்திற்கான தாழ் கியர் 2.46 மடங்கு, ஆக்ஸில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. ஆகவே சக்கரங்களுக்குக் கிடைப்பது 15.8 × 37, அதாவது ஏறத்தாழ 585 கிலோகிராம்-மீட்டர். சக்கரத்தின் ஆரத்தை 0.36 மீட்டர் என்று கொண்டு வகுத்தால் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை 1625 கிலோகிராம். உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1300 கிலோகிராம் மிஞ்சும்.

சுமையோடு ஜீப்பின் மொத்த எடையை 1300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த விடையைக் கவனித்தீர்களா? வண்டியின் எடையும் அதன் இழுவிசையும் சமம்! டயர் மட்டும் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளுமானால் இந்தக் கிழட்டு எஞ்சின் ஜீப்பைச் செங்குத்துச் சுவரிலேயே தாங்கிப் பிடிக்கும்.

ஆனால் டயர் ஒட்டிக்கொள்ளாது. உலர்ந்த உதிரி மணல், தன் மேல் அழுந்தும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிடிமானம் தரும். 1300 கிலோ வண்டிக்கு 400 முதல் 450 கிலோகிராம் வரை என்று கொள்ளலாம். அதற்கு மேல் எஞ்சின் தள்ளினால் மணல் பின்னால் பறக்கும், சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். எஞ்சின் தரக்கூடியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் மணலால் வாங்கிக்கொள்ள முடிகிறது என்றால், பெரிய எஞ்சினை வைத்து என்ன பயன்?

அண்ணாச்சி நம்பவில்லை. நான்கு டயர்களிலும் காற்றைப் பாதிக்கு இறக்கச் சொன்னேன். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. ஒரு சக்கரத்தின் மேல் 325 கிலோ இருந்தால், சதுர செ.மீ.க்கு 2 கிலோ காற்றில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 160 சதுர செ.மீ.; ஒரு கிலோ காற்றில் அது இரு மடங்காகும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதனால்தான். சக்கரங்களின் முன்னால் இருந்த மணலை இரண்டு பேர் ஒதுக்கினார்கள். தாழ் கியரில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்ததும், அதே எஞ்சினோடு வண்டி மேலேறி வந்தது. (தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும்.)

அப்படியானால் எஞ்சினை மாற்றவே வேண்டாமா என்று கேட்பீர்கள். மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எஞ்சின் தேய்ந்து எண்ணெய் குடிக்கலாம். உதிரிபாகம் கிடைக்காமல் போகலாம். பெட்ரோல் செலவு தாங்காமல் போகலாம். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு நம் நாட்டில் பெட்ரோல் ஜீப்புகள் டீசலுக்கு மாறியது இந்தக் கடைசிக் காரணத்தால்தான், இழுவைக்காக அல்ல.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைத் தொட வேண்டும். டீசல் என்றால் இழுவை அதிகம் என்பார்கள். மகிந்திரா நிறுவனம் 1979-ல் பிரான்சின் பியூஜோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தயாரித்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினைப் பாருங்கள். பெயரிலேயே அதன் இலக்கணம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மி.மீ. விட்டம். கொள்ளளவு 2112 க.செ.மீ. 1980-களில் வந்த எம்.எம். 540 ஜீப்பில் இருந்தது இதுவே. இதன் உச்ச முறுக்கு விசை 12.3 கிலோகிராம்-மீட்டர். பழைய பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு!

இதில் வியப்பில்லை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்பே கலந்து உள்ளே போகின்றன. டீசலிலோ சூடான காற்றின் மீது எண்ணெய் பீச்சப்பட்டு, கண்ணிமைப்பதற்குள் கலந்து எரிய வேண்டும். உள்ளிருக்கும் காற்று முழுவதையும் பயன்படுத்த முயன்றால் கரும்புகைதான் வரும். எனவே எரிபொருளைக் குறைத்தே விட வேண்டியிருக்கிறது. டர்போ பொருத்தி அதிகக் காற்றை அடைக்காத வரை, அதே கொள்ளளவில் டீசலின் முறுக்கு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பிறகு அந்த 'இழுவை' உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? டீசல் பம்பிலுள்ள கவர்னரிலிருந்து. சுமை கூடிச் சுற்று குறையத் தொடங்கியதும் கவர்னர் தானாகவே எண்ணெயைக் கூட்டுகிறது. ஓட்டுநர் மிதிக்காமலே வண்டி நகர்கிறது, எளிதில் நின்றுவிடுவதில்லை. மணலில் இது பெரிய நன்மை. திடீர் உதறல் இல்லாமல் சக்கரம் மெல்லச் சுழல வேண்டிய இடமல்லவா அது. குறைந்த சுமையில் டீசலின் எண்ணெய்ச் செலவு குறைவு என்பதும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு ஏற்றது.

திறன் போதுமா என்றும் பார்த்துவிடுவோம். மணலின் தடை வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 260 கிலோகிராம் என்று கொண்டு, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக 19 குதிரைத்திறன் வேண்டும். வழியில் வீணாவதைச் சேர்த்தால் 24. எக்ஸ்.டி.பி. எஞ்சின் 2000 சுற்றிலேயே 34 குதிரைத்திறன் தருகிறது. தாராளம்.

இனி அண்ணாச்சி பேசி வைத்திருந்த டிராக்டர் எஞ்சினுக்கு வருவோம். அவருடைய எண்ணம் முற்றிலும் பிழையன்று. டிராக்டருக்காக உருவான இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினை மகிந்திரா நிறுவனமே 1970-களில் ஜீப்பில் வைத்தது. சென்னையில் சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் பி4 எஞ்சினை ஜீப்பில் ஏற்றியவர்களும் உண்டு. அது 3.1 லிட்டர், ஐந்து அங்குல ஓட்டம். வார்ப்பிரும்புக் குன்று என்றே சொல்லலாம். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. ஜீப்பின் எஞ்சின் முன் ஆக்ஸிலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் 100 கிலோ கூடினால் அதில் பெரும்பகுதியை முன்சக்கரங்களே சுமக்கும். எடை கூடினால் பிடிமானமும் கூடுமே என்று வாதிடலாம். கூடும்தான். ஆனால் சக்கரம் ஆழமாகப் புதைவதால் தடை அதைவிட விரைவாகக் கூடுகிறது. முன்சக்கரங்கள் எந்நேரமும் ஒரு குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

வேகத்திலும் இழப்பு உண்டு. டிராக்டர் எஞ்சின்கள் பெரும்பாலும் 2000 சுற்றை ஒட்டி வேலை செய்வதற்கென்றே அமைக்கப்பட்டவை. டாப் கியரில் எஞ்சின் 2000 சுற்றும்போது, 5.38 மடங்கு ஆக்ஸில் காரணமாகச் சக்கரம் 372 முறைதான் சுற்றும். ஒரு சுற்றுக்கு 2.26 மீட்டர். மணிக்கு 50 கி.மீ.! ஐஸ் உருகுவதற்குள் திசையன்விளைக்கு மீன் போக வேண்டுமே. 4000 சுற்றைத் தாங்கும் எஞ்சினானால் இந்தக் கவலை இல்லை.

மற்றவை பட்டறையில் தெரியவரும். ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கிறதா என்று வாங்குமுன் அளக்க வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தகடு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு விலகியிருந்தாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போகிறது. மணலில் ஊரும்போது காற்று எதிரே வீசாது, விசிறி ஒன்றே துணை. உப்புக் காற்றில் அரித்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டு புது எஞ்சின் தேடுவது வீண்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஒரு காலத்தில் தாராளமாக நடந்த எஞ்சின் மாற்றங்கள் இன்று அப்படி நடப்பதற்கில்லை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் போக வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அதே வகை எஞ்சின் நல்ல நிலையில் கிடைத்தால், பௌதிகமும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி போனில் பேசினார். "டிராக்டர் எஞ்சினைத் தராசுல ஏத்திப் பாத்துட்டேன் சார், வேண்டாம்னு சொல்லிட்டேன். நம்ம எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கு. சிலிண்டர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.