ஆழம் பார்த்து இறங்கும் பறவைகள்

புதுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் உறவுக்காரர் இல்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு அங்கே போகிறவர்களில் சிலர் பிள்ளைகளைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கும் கூட்டிப் போகிறார்கள். பலகை மறைப்புக்குப் பின்னால் நின்று, குளத்தில் மேயும் பச்சைக்காலியைத் தொலைநோக்கியில் பார்க்கிறார்கள். அதே பச்சைக்காலி பனிக்காலத்தில் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கும் வருகிறது. ஆனால் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக்காரர்கள் பறவை பார்க்கவென்று பக்கத்துக் கவிநாட்டுக் கண்மாய்க்குக் கிளம்புவது அரிது. பறவை பார்ப்பது வெளிநாட்டில் செய்கிற காரியம் என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பு தவறு என்பதற்கு அந்த வெளிநாட்டுக் குளங்களே சாட்சி.

சுங்கை பூலோவின் குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகள் அவை. அங்கே பறவைகள் கூடுவதை 1986இல் இயற்கை ஆர்வலர்கள் கவனித்துச் சொன்னார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள். 2002இல் காப்பகமாக அறிவித்தார்கள். கடல் ஏறி வெளிச்சேறு மூழ்கும் நேரத்தில் பறவைகளுக்கு நிற்க இடம் வேண்டும். அதற்காகவே மதகைத் திறந்தும் அடைத்தும் குளத்து நீரை ஓர் அளவில் வைக்கிறார்கள். பறவைக்கு ஆழம்தான் கணக்கு. குட்டைக்கால் உள்ளானுக்கு விரற்கடை நீர் போதும். முக்குளிப்பானுக்கு மூழ்கி மீன் பிடிக்க ஆழம் வேண்டும். நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பாருங்கள்: வளர்ந்த பறவையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இளசுக்கு அது இருக்காது. அந்த அலகால் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும். நத்தையைத் தேட அதற்கு ஆழமில்லாத நீர் வேண்டும். நம் கண்மாயில் இந்த எல்லா ஆழமும் ஒரே இடத்தில் அமைகின்றன. மடையோரம் ஆழம், உள்வாயில் சேறு. மழையில் பெருகிய தண்ணீர் தை, மாசியில் பாசனத்துக்குப் போகப் போக, சேற்று விளிம்பு நாளுக்கு நாள் நகர்ந்து புதிய மேய்ச்சல் திறக்கும்.

“கண்மாய்த் தண்ணீர் பயிருக்கு, காப்பகம் என்று வந்தால் எங்களுக்குத் தடைதான் வரும்” என்று விவசாயிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் வேடந்தாங்கலில் 1798 வாக்கிலேயே பறவைகளைக் காக்க ஆட்சியரிடம் உரிமை எழுதி வாங்கியவர்கள் அவ்வூர் விவசாயிகள்தான். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இரண்டு இடத்திலும் முதலில் நின்றது ஊர்தான். வெளிநாட்டில் நடைபாதை, நிழல், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதும் சரியே. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவை வேண்டும். அவற்றைப் பிறகும் கட்டிக்கொள்ளலாம். உள்வாயில் குப்பையும் கட்டடமும் ஏறினால் முதலில் அழிவது அந்தச் சேற்று விளிம்பு. அதைத் திரும்பக் கட்ட முடியாது. என் கவலை அதுதான்.

திருக்கோகர்ணத்திலேயே 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த பறவைகளின் அலகையும் காலையும் பிள்ளைகளுக்கு அங்கே காட்டிவிட்டுக் கண்மாய்க் கரைக்குப் போகலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறட்டும்.