57 வெற்றி போதாது! கல்லூரி பேஸ்பாலில் கோப்பை யாருக்கு?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம்.

ரெண்டு டீம் இருக்கு. ஒண்ணு, ஒரு சீசன்ல 57 மேட்ச் ஜெயிச்சு 9 மட்டும் தோத்தது. இன்னொண்ணு, வேறொரு சீசன்ல 47 ஜெயிச்சு 31 தோத்தது. இதுல எது சாம்பியன்?

57-9ன்னு சொன்னீங்கன்னா, தப்பு. அது 2022-இல் ஆடிய டென்னசி பல்கலைக்கழக அணி. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அந்த வருஷம் அதுதான் நம்பர் 1. ஆனால் சொந்த மைதானத்திலேயே நோட்டர் டேம் அணியிடம் தோற்று, கடைசி எட்டு அணிகளுக்குள் கூட வரவில்லை. 47-31 எடுத்தது 2008-இன் ஃப்ரெஸ்னோ ஸ்டேட். அதுதான் கோப்பையைத் தூக்கியது!

அப்போ ஒரு டீமைப் பார்த்து "இவங்க கோப்பைக்கான ஆளுங்க" என்று எதை வைத்துச் சொல்வது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போறோம். பேஸ்பால் தெரியலைன்னாலும் பரவாயில்லை. கொஞ்சம் கிரிக்கெட்டும் கொஞ்சம் ப்ராபபிலிட்டியும் தெரிஞ்சா போதும்.

போட்டி எப்படி நடக்குது?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. பேஸ்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கும். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டங்கள். இப்படி ஓடி மே கடைசியில் 64 அணிகள் தேர்வாகும்.

முதல் கட்டம், நான்கு நான்கு அணிகளாக 16 குழுக்கள். ரெண்டு தடவை தோத்தா வெளியே. இரண்டாம் கட்டத்தில் மீதி 16 அணிகள் ஜோடி ஜோடியாக மோதும். மூன்றில் இரண்டு ஜெயிக்கணும். தப்பிக்கும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்துக்குப் போகும். 1950-லிருந்து இறுதிக் கட்டம் அங்கேதான் நடக்குது. பெயர், காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். அங்கே மறுபடியும் நான்கு நான்காக இரண்டு குழுக்கள், மறுபடியும் அதே 'ரெண்டு தோல்வி' விதி. கடைசியில் இரண்டு அணிகளுக்கு மூன்று ஆட்ட ஃபைனல்.

ஆக மொத்தம் நான்கு கட்டங்கள். இந்த 'நான்கு'ங்கிற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கணக்கு என்ன சொல்லுது?

ஒரு பலமான டீம் எந்த எதிரணியையும் ஒரு ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு p = 0.7 என்று வெச்சுக்குவோம். பேஸ்பாலில், அதுவும் நல்ல எதிரணியோடு, 70 சதவீதம் என்பது ரொம்பப் பெரிய ஆதிக்கம்.

மூன்றில் இரண்டு ஜெயிக்கும் வாய்ப்பு p²(3−2p). போட்டுப் பாருங்க, 0.784 வரும். கணக்கை எளிதாக்க நான்கு கட்டங்களையும் இப்படியே எடுத்துக்கிட்டா, 0.784-ஐ நான்கு முறை பெருக்கணும். விடை சுமார் 0.38.

அதாவது, எல்லாரையும் விடப் பலமான டீம் கூட பத்துக்கு ஆறு முறை கோப்பை இல்லாமல்தான் வீட்டுக்குப் போகும். 1999-இல் மயாமி பல்கலைக்கழகம் ஜெயிச்ச பிறகு, 2023 வரைக்கும் நம்பர் 1 தரவரிசையோடு போட்டிக்குள் வந்த எந்த அணியும் கோப்பையை வாங்கலை. சாபம்னு சொன்னாங்க. பாதிக்கு மேல் வெறும் கணக்குதான்.

இப்போ p-ஐ 0.7-லிருந்து 0.6-க்கு இறக்குங்க. இறுதி விடை 0.18-க்கு வந்துடும். பத்து சதவீதம் சறுக்கினா கோப்பை வாய்ப்பு பாதிக்கும் கீழே போயிடுது.

அதனால என் வாதம் இதுதான்: p பெரிசா இருந்தா மட்டும் போதாது, நாள் ஆக ஆக அந்த p குறையாம இருக்கணும். அப்படிப்பட்ட டீம்தான் கோப்பைக்கான டீம். சரி, p ஏன் குறையுது?

கை ஒரு பேட்டரி மாதிரி

பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். கிரிக்கெட்ல ஓவருக்கு ஓவர் பௌலர் மாறுவார். இங்கே அப்படி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே முடிந்தவரை தொடர்ந்து வீசுவார். நன்றாக வீசும் நாளில் 100, 120 பந்துகள் கூடப் போகும். 120 பந்துன்னா 20 ஓவர். டி20-ல் ஒரு இன்னிங்ஸ் முழுக்க ஒரே வேகப்பந்து வீச்சாளர் போட்டால் எப்படி இருக்கும்? அவ்வளவு பாரம் முழங்கையின் தசைநார்மேல் விழுது. அதனால் கல்லூரி அணிகளில் முதன்மைப் பிட்சர்கள் வழக்கமாக வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் தொடங்குவார்கள்.

சீசனில் இது பிரச்சினை இல்லை. வெள்ளிக்கு ஒருவர், சனிக்கு ஒருவர், ஞாயிறுக்கு ஒருவர். ஆனால் முதல் கட்டத்தில் முதல் ஆட்டத்தையே தோத்துட்டீங்கன்னா, தப்பிக்க நான்கு நாளில் ஐந்து ஆட்டம் ஆடணும், அதில் நான்கைத் தொடர்ந்து ஜெயிக்கணும். அப்போ நாலாவது, ஐந்தாவது ஆட்டத்துல பந்தை யார் கையில கொடுப்பீங்க? பல அணிகளின் p தரையைத் தொடும் இடம் இதுதான்.

2023-இல் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியைப் பாருங்க. பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சர் அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர். வேக் ஃபாரஸ்ட் அணியுடனான முக்கியமான ஆட்டத்தில் 120 பந்துகள் வீசினார். அதோடு அவர் கை காலி. ஃப்ளோரிடாவுக்கு எதிரான ஃபைனலில் அவர் ஒரு பந்து கூட வீசலை!

முதல் ஆட்டத்தில் டை ஃப்ளாய்ட் என்பவர் 17 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தார், எல்.எஸ்.யூ. 4-3 என ஜெயித்தது. இரண்டாவது ஆட்டத்தில் 24-4 என்று செம அடி. ஆனால் 20 ரன்னில் தோற்றாலும் 1 ரன்னில் தோற்றாலும் கணக்கில் ஒரே தோல்விதான். மறுநாள் தாட்சர் ஹர்ட் ஆறு இன்னிங்ஸில் இரண்டே ரன் கொடுத்தார், 18-4 என்று கோப்பை வந்தது. நாட்டின் சிறந்த பிட்சர் பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெயித்த கோப்பை அது.

இன்னொரு உதாரணம், 2019-இன் வாண்டர்பில்ட். இரண்டாம் கட்டத்தின் முதல் ஆட்டத்தில் டியூக் அணியிடம் 18-5 என உதை. இன்னொன்று தோத்தா கதை முடிஞ்சது. மறுநாள் வந்தவர் குமார் ராக்கர் என்ற முதலாமாண்டு மாணவர். (பெயரைப் பார்த்துட்டு நிமிர்ந்து உட்கார்றீங்களா? அம்மா வழியில் இந்திய வம்சாவளிதான்!) 19 ஸ்ட்ரைக்-அவுட், எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூட இல்லை. 3-0 வெற்றி. அந்த வருஷக் கோப்பையும் வாண்டர்பில்ட்டுக்கே. முதலாமாண்டுப் பையனை நம்பி அந்த நாளில் பந்தைக் கொடுக்க முடியுதுன்னா, அதுதான் ஆழமான டீம்.

கடைசி அவுட்டைப் பிடிக்கத் தெரியணும்

p குறைய இன்னொரு காரணம் ஃபீல்டிங். 2018 ஃபைனல், இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். ஆர்கன்சா 3-2 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் வரலாற்றில் முதல் பேஸ்பால் கோப்பை. பந்து மேலே எழும்பி எல்லைக்கோட்டுக்கு வெளியே இறங்குது. மூன்று பேர் ஓடி வர்றாங்க. "நீ பிடி" என்று ஒருத்தரை ஒருத்தர் பார்க்க, பந்து நடுவில் விழுந்தது.

பிழைத்த பேட்ஸ்மேன் ஆட்டத்தைச் சமன் செய்தார். அடுத்து வந்தவர் ஹோம் ரன் அடிச்சார். ஓரிகன் ஸ்டேட் 5-3. மறுநாள் கெவின் ஏபல் என்ற முதலாமாண்டு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 5-0 என முடித்துவிட்டார். ஆர்கன்சாவிடம் திறமைக்குப் பஞ்சமே இல்லை. "என் பந்து!" என்று ஒரு குரல் எழும்பியிருந்தா போதும்.

டீமைக் கட்டுவது எப்படி?

இங்கேதான் பயிற்சியாளரின் மூளை வேலை செய்யணும். பல ஆண்டுகளாக ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதை 27 பேர் வரை பங்கு போட்டுக் கொடுக்கலாம். ஒரு நட்சத்திரத்துக்கு முழுசாக் கொடுத்தா, நாலாவது பிட்சருக்குக் காசு இருக்காது. 2025-இல் வந்த புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த வரம்பு இல்லை. பதிலாக அணியில் 34 பேர்தான் இருக்கலாம். அதோடு, மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் தூக்கிக்கொண்டு போய்விடும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களை வைத்து ஓட்டையை அடைக்கணும். முன்னே சொன்ன ஸ்கீன்ஸ், ஹர்ட் ரெண்டு பேருமே அப்படி மாறி வந்தவங்கதான்.

கஷ்டமான சீசனும் ஒரு பயிற்சிதான். 2022-இல் கோப்பை வாங்கிய ஓல் மிஸ், அதன் லீக்கில் ஒரு கட்டத்தில் 7-14 என்று கிடந்தது. 64 அணிகளுக்குள் தொற்றிக்கொண்டு வந்ததே பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு வாரமும் பலமான அணிகளிடம் அடி வாங்கிப் பழகின டீம், ஒமாஹாவில் அடி வாங்கினா பதறாது.

மறுபடியும் டென்னசி

நியாயமா ஒண்ணு சொல்லணும். 2022 டென்னசியிடம் பிட்சர்கள் இல்லாமல் இல்லை. நோட்டர் டேமுடன் மூன்றாவது ஆட்டத்தில் 3-1 என முன்னிலையில்தான் இருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் வாங்கி, கடைசியில் 7-3 என்று தோத்தாங்க. முதல் ஆட்டத்தில் அம்பயரோடு வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்ட முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் இரண்டாவதிலும் ஆட முடியலை. சரியாகக் கட்டின டீமும் அந்த பத்தில் ஆறில் மாட்டலாம். செய்ய முடிஞ்சது ஒண்ணுதான்: அடுத்த வருஷமும் அதே தரத்தோட வந்து நிக்கணும்.

வந்து நின்றார்கள். 2024, அதே பயிற்சியாளர் டோனி விட்டெல்லோ, மறுபடியும் நம்பர் 1. ஃபைனலின் முதல் ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இடம் 9-5 என்று தோல்வி. அடுத்து 4-1, அதற்கடுத்து 6-5. கோப்பை! மயாமிக்குப் பிறகு 25 ஆண்டுகளில் ஜெயித்த முதல் நம்பர் 1 அணி. அந்த சீசனின் கணக்கு 60-13. கவனிச்சீங்களா? 2022-ஐ விட நாலு தோல்வி அதிகம்.

அதனால அடுத்த ஜூன்ல ஒமாஹா ஆட்டம் கண்ணில் பட்டா, ஸ்கோர்போர்டில் எத்தனை வெற்றின்னு பார்க்காதீங்க. இந்த டீமோட நாலாவது பிட்சர் யாரு? பந்து மேலே போனா யார் குரல் கேட்குது? நேத்து மோசமாத் தோத்தப்புறம் இன்னைக்கு எப்படி வந்து நிக்கிறாங்க? இந்த மூணு கேள்விக்கும் பதில் இருக்கிற டீமுக்குத்தான் நான் கை தட்டுவேன். அந்த டீம் தோத்தா, நோட்டை எடுத்து p²(3−2p) போட்டு மனசைத் தேத்திப்பேன்!